மணமேல்குடியில் ஒரு நனிசைவர்: சொட்டும் ஆவியும் குறித்த முன்னாய்வு

1. ஆய்வின் தேவை

சங்க காலத்துக் கள்ளையும் ஊனையும் ஆராய்ந்து முனைவர் பட்டங்கள் வாங்கியாயிற்று. கோயில் விளக்குக்கு எத்தனை உழக்கு நெய் என்று கல்வெட்டறிஞர்கள் மல்லுக்கட்டியும் ஆயிற்று. ஆனால் மீன், கறி, முட்டையோடு பால், தயிர், மோர், நெய், தேன் ஆகியவற்றையும் விலக்கிய ஒருவர், சனிக்கிழமை காலை தன்னந்தனியாக மணமேல்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கினால், ஞாயிறு பொழுது சாய்வதற்குள் எதைத் தின்பார், எதை வாங்குவார் என்னும் வினா ஆய்வுலகில் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அக்குறையைத் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தகையோரை நனிசைவர் என்று எழுதுகிறார்கள், பேச்சில் வீகன். 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் சில நண்பர்களும் சங்கம் கண்டு இக்கொள்கையைப் பரப்பினர். அதற்கும் ஒன்பது நூற்றாண்டு முன்னே சிரியாவில் அல்-மஆரி (973–1057) என்னும் பார்வையற்ற கவிஞர் பாலையும் முட்டையையும் தேனையும் மறுத்து வாழ்ந்தார். இவ்விருவரும் மணமேல்குடிக்கு வந்ததாகக் குறிப்பில்லை. ஆகவே அவர்தம் உறுதி முழுச்சோதனைக்கு உட்படவில்லை என்க.

2. ஆய்வுக்களம்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஊர் மணமேல்குடி. வடக்கே கட்டுமாவடி, தெற்கே அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம். எதிரே பாக் விரிகுடா. நண்டு, இறால், கணவாய், இவற்றில் விலைபோகாதது கருவாடு என்று இக்கரையின் பொருளாதாரம் முழுவதும் செதிலும் ஓடுமாக இயங்குகிறது. கோயம்புத்தூரில் அன்னபூர்ணாவுக்குப் பக்கத்தில் அறை எடுத்துக்கொண்டு நனிசைவராக இருப்பது ஒரு தேர்ச்சியாகாது. தேர்வு மையம் இங்கேதான்.

வரலாறும் நம் பயணிக்குச் சாதகமாக இல்லை. அறுபத்து மூவருள் ஒருவரான குலச்சிறை நாயனார் பிறந்த ஊர் இது. பாண்டியன் நெடுமாறனின் அமைச்சர். அரசி மங்கையர்க்கரசியாரோடு சேர்ந்து ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தரை மதுரைக்கு வரவழைத்துச் சமணரை வாதில் வீழ்த்தத் துணைநின்றவர். தோற்ற சமணரோ தேனைத் தொடாதவர், மண்ணுக்கடியில் விளையும் கிழங்கையும் விலக்குபவர். வென்ற தரப்பின் தெய்வமோ பாலும் தயிரும் நெய்யும் தேனுமாகத் தினமும் குளிப்பவர். மணமேல்குடியில் பாலுக்கு எதிராகப் பேசுகிறவர், ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தீர்ப்பான வழக்கில் மேல்முறையீடு செய்கிறார் என்பதை உணர வேண்டும்.

3. சொட்டுக் கோட்பாடு

முதற்கள ஆய்வு டீக்கடையில் நிகழும். "மாஸ்டர், பால் இல்லாம ஒரு டீ" என்றதும் டீ வராது. விசாரணை வரும். அது மூன்று படிகள் கொண்டது.

"உடம்புக்கு முடியலையா தம்பி?" இது மருத்துவப் படி. சர்க்கரையா, கேஸ் ட்ரபிளா என்று பக்கத்து பெஞ்சும் கலந்துகொள்ளும்.

"விரதமா? மாலை போட்டிருக்கீங்களா?" இது சமயப் படி. மாலை போட்டவர் பால் குடிக்கலாமே என்ற திருத்தமும் உடன் வழங்கப்படும்.

"தனியாவா வந்தீங்க? கூட யாரும் வரலையா?" மூன்றாவதான இதைக் கேட்கும்போது மாஸ்டர் ஆற்றுவதையே நிறுத்திவிடுவார். பாலை விட்டவனை ஊர் பொறுத்துக்கொள்ளும்; சாப்பிட ஆளில்லாமல் வந்தவனைப் பார்த்துக்கொண்டிருக்க அதனால் முடியாது.

இதன் விளைவை மதியச் சாப்பாட்டில் காணலாம். தனியாக உட்கார்ந்தவர் இலைக்குக் கவனிப்பு கூடும். கூட்டு இரண்டாம் முறை வரும், அப்பளம் கேளாமல் வரும். பருப்பு வந்ததும், "நெய் வேண்டாம்ணே" என்பதற்குள் கரண்டி சாய்ந்திருக்கும். "கொஞ்சூண்டுதான் தம்பி, ஒண்ணும் பண்ணாது." இங்கே பிறப்பதே சொட்டுக் கோட்பாடு: ஒரு பொருள் அளவில் குறையக் குறையத் தன் இனத்தை இழக்கும். ரசத்தில் தாளித்த நெய் மணத்துக்கு, ஆகவே நெய்யன்று. பாயசத்தில் ஊற்றிய பால் பேருக்கு, ஆகவே பாலன்று.

இக்கோட்பாட்டின் கொடுமுடி இராச்சாப்பாட்டுக் கடையின் எம்டி சால்னா. அதில் கறித்துண்டு இராது. துண்டு கிடந்து வெந்த குழம்பு மட்டும் இருக்கும். ஆடு போய்விட்டது, அதன் வரலாறு தங்கிவிட்டது. பரோட்டா மாவிலும் முட்டை விழுந்திருக்கலாம் என்பதால் நம் பயணி இந்த இணையைத் தொடாமல் எழுவது நலம்.

பட்டினியா எனின், அற்று அன்று. இட்லி, தேங்காய்ச் சட்னி, நல்லெண்ணெயில் குழைத்த பொடி, தேங்காய்ப்பாலில் ஊறிய இடியாப்பம், உளுந்த வடை, சுண்டல், கடலை மிட்டாய், இளநீர், பருவத்தில் நுங்கும் பனங்கிழங்கும், கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி என்று மாடும் கோழியும் தலையிடாத பட்டியல் நீண்டது. உணவுப் பஞ்சம் இங்கே இல்லை. உபசரிப்புதான் மிகுதி.

4. கல்லின் நினைவாற்றல்

தோசைக்கல் தனி இயலாகப் பிரித்து ஆராயத்தக்கது. நம் பயணி சொன்ன எண்ணெய்த் தோசைக்கு முன்னால் அந்தக் கல்லில் ஒரு ஆஃப்பாயில் கிடந்தது. மாஸ்டர் அதை எடுத்துத் தட்டில் தள்ளினார். கல் மேல் ஒரு கை தண்ணீர் தெளித்தார். சுர்ரென்று வெள்ளைப் புகை எழுந்தது. தென்னை ஈர்க்குத் துடைப்பத்தால் இடமிருந்து வலம் ஒரே வீச்சு. ஓரத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு பொருக்கு ஒட்டிக்கொண்டு போக மறுத்தது. அடுத்த நொடி மாவு விழுந்தது.

கல் தூயதாயிற்றா? ஒருசாரார், துடைப்பம் பட்டதும் கல் புதுப்பிறவி எடுத்தது என்பர். மறுசாரார், பொருக்கைச் சுட்டிக்காட்டுவர். பயணிக்கு எதிரே உட்கார்ந்து அதே ஆஃப்பாயிலைத் தின்றுகொண்டிருந்த பெரியவர் கருத்தே ஏற்புடைத்து: "நெருப்புல எல்லாம் போயிடும், சாப்பிடுங்க."

5. அங்காடி இயல்

ஷாப்பிங் என்றால் மெயின் ரோட்டின் இரு மருங்கும் ஒரு நடை. தோல் செருப்பு விலக்கு, ரப்பர் செருப்பு ஏற்பு. பட்டு விலக்கு, பருத்திக் கைலி ஏற்பு. கோரைப்பாய், ஓலை விசிறி ஆகியன ஐயத்துக்கு அப்பாற்பட்டவை. 2022ஆம் ஆண்டின் விதிகளின்படி நனிசைவப் பொட்டலங்களுக்கென இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பச்சை நிற முத்திரை வகுத்திருக்கிறது. செய்தித்தாளில் மடித்துத் தரும் பொட்டுக்கடலைக்கு முத்திரை இல்லை. அச்செய்தித்தாளின் விளம்பரமே சான்று.

சிக்கல் சிறு பொருள்களில் வரும். வெற்றிலை கொடி, பாக்கு மரம்; ஆனால் சுண்ணாம்பு? கடலோர மரபில் அது கிளிஞ்சலைச் சுட்டு நீற்றுவது. கிளிஞ்சலுக்குள் ஒருகாலத்தில் ஒரு குடித்தனம் இருந்தது. கோயிலில் நெற்றிக்கு நீட்டிய திருநீறோ, முறைப்படி செய்ததாயின், பசுஞ்சாணச் சாம்பல். மறுத்தால் குலச்சிறையார் ஊரில் மரியாதை போகும். இட்டுக்கொண்டால் கொள்கை போகும்.

இதற்கு நேர்மாறான வியப்பு வலைக்கடையில் காத்திருக்கிறது. மீன்வலை நைலான் நூல். அதில் தோல் இல்லை, மயிர் இல்லை, கொழுப்பு இல்லை. ஆக, இவ்வூரில் ஒரு நனிசைவர் எந்த மனவுறுத்தலும் இன்றி வாங்கத்தக்க பொருள்களுள் மீன்வலையும் ஒன்று என்னும் முடிவு பெறப்படுகிறது. அதை அவர் என்ன செய்வார் என்பது இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே உள்ளது.

6. ஆவிச் சிக்கல்

ஞாயிறன்று பயணி அறந்தாங்கிப் பக்கம் ஆவுடையார்கோயிலுக்குப் போவார் எனக் கொள்வோம். மாணிக்கவாசகர், பாண்டியன் குதிரை வாங்கத் தந்த பணத்தில் எழுப்பியது என்று சொல்லப்படும் திருப்பெருந்துறை அது. கருவறையில் லிங்கம் கிடையாது, பீடமான ஆவுடையார் மட்டுமே. ஆத்மநாதருக்கு உருவமில்லை. படையலோ புழுங்கலரிசிச் சோறு, கீரை, பாகற்காய். சோற்றைக் கொதிக்கக் கொதிக்கப் படைகல்லில் கொட்டுகிறார்கள். மேலெழும் ஆவியே நைவேத்தியம்.

சோறு, கீரை, பாகற்காய் என்ற மூன்றிலும் பால் இல்லை, நெய் இல்லை. இம்மாவட்டத்தின் மாசற்ற நனிசைவச் சாப்பாடு கடவுளின் இலையில் கிடைத்துவிட்டது என்று பயணி மகிழ்வார். ஆனால் ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. ஆவியை ஏற்றால் உண்டதாகும் என்பது இத்தலத்தின் கொள்கை. இதை ஒப்புக்கொண்டு மணமேல்குடிக்குத் திரும்பினால் என்னாகும்? பஸ் ஜன்னல் வழியே கருவாடு காயும் மணம் வரும். இறங்கியதும் சாலையோரச் சட்டியில் மிளகாய்ப்பொடி தடவிய மீன் பொரியும். நண்டுக் குழம்பின் ஆவி, வீடு வீடாக நிலைப்படி தாண்டி வரும். ஆவுடையார்கோயில் இலக்கணப்படி நம் பயணி மூச்சுவிடும் ஒவ்வொரு கணமும் விருந்துண்கிறார்.

இதற்கு விடை: இறைவனுக்கு வாய் இல்லாமையால் ஆவி போதும். மனிதனுக்கு வாய் உண்டு. வாயுள்ளவர் வாயால் உண்டதே உணவு. நோன்பின் எல்லை உதட்டோடு முடிகிறது; மூக்கு பொது நிலம்.

7. முன்னோடி

இக்கரையில் தனித்துத் திரிந்து தாவரம் மட்டுமே மேயும் உயிர் ஏற்கனவே உண்டு. மீனவர் ஆவுளியா என்பர், நூலில் கடற்பசு. வளர்ந்த ஒன்று நாளுக்கு 30, 40 கிலோ கடற்புல் தின்னும். 2022 செப்டம்பரில் அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டர் கடலை இந்தியாவின் முதல் கடற்பசு பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. மணமேல்குடி அதன் கரையில் அமைகிறது. தன் சாப்பாட்டுக்கென அரசாணை பெற்ற தனிப்பயணி வேறு யார்? வலையில் தவறிச் சிக்கினாலும் வலையை அறுத்துக் கடலில் விடும் மீனவரை வனத்துறை அழைத்துப் பாராட்டுகிறது.

எனினும் ஆவுளியாவும் குட்டியாக இருக்கையில் ஓராண்டுக்கு மேல் பால் குடிக்கிறது. தாய்ப்பால் தாய் மனமுவந்து தருவதாதலின் குற்றமில்லை என நனிசைவர் விளக்குவர். புல்லோடு ஒட்டிவரும் புழுபூச்சிகளும் உள்ளே போகின்றன. "கொஞ்சூண்டுதான், ஒண்ணும் பண்ணாது" என்று அதற்குக் கடல் சொல்லியிருக்கக்கூடும்.

8. முடிவும் பரிந்துரையும்

மணமேல்குடியில் நனிசைவராக இருப்பது எளிது. தனியாளாக இருப்பதே கடினம். நெய் விழுந்ததும், மறுசோறு வந்ததும், விசாரணை நீண்டதும் இலைக்குப் பக்கத்து இலை காலியாக இருந்ததால். ஆகவே பயணி ஒரு துணையோடு வருவது நன்று. துணைவர் மீன் தின்பவராயின் இன்னும் நன்று: நெய்க்கரண்டி அவர் பக்கம் சாயும், இலை ஓரத்து அப்பளம் இவர் பக்கம் வரும்.

நலமுரண் அறிவிப்பு: கட்டுரையாளர் நெத்திலி உண்பவர். ஆய்வு முடிவுகளை இது பாதிக்கவில்லை. முடிவுரையின் நீளத்தை மட்டும் பாதித்தது. மதியச் சாப்பாட்டு நேரம்.