கையுறை தந்த ஒரே நாள்

கொரோனா ஆண்டில் மேலநீலிதநல்லூர் பஜாரில் சட்டத்தை எள்ளளவும் மீறாத பலசரக்குக் கடை ஒன்று இருந்தது. 'முகக்கவசம் இல்லாதவர்களுக்குச் சரக்கு இல்லை' என்று வாசலில் ஓர் அட்டை. அட்டைக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு முகக்கவசம். வெறும் முகத்தோடு வருகிறவர் அதை எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். உளுந்தும் வத்தலும் வாங்கி முடித்ததும் கழற்றி, அடுத்தவருக்காக மறுபடி ஆணியில் தொங்கவிட வேண்டும். காலையில் நீலமாக ஏறிய கவசம் சாயந்தரத்துக்குள் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். ஊர்க்காரர்கள் விட்ட மூச்செல்லாம் ஒரே துணியில் பத்திரமாகச் சேர்ந்தது.

அந்தக் கடைக்கார அண்ணாச்சியை முட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். யூனியன் ஆபீஸும் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரியும் இருக்கிற ஊர் இது. அரசாங்க உத்தரவை எப்படி வாசிப்பது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். 2020 செப்டம்பரில் அரசு ஒரு விலைப்பட்டியல் போட்டது. கவசம் இல்லாவிட்டால் 200 ரூபாய், பொது இடத்தில் துப்பினால் 500, இடைவெளி விடாவிட்டால் 500, கடை விதியை மீறினால் 5,000. கிருமி எப்படிப் பரவும் என்று அண்ணாச்சிக்கு யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. ஐயாயிரம் எப்படிப் பறிபோகும் என்பதை மட்டும் மைக் கட்டிச் சொன்னார்கள். ஐயாயிரத்திலிருந்து தப்ப என்ன வழியோ அதை அவர் செய்தார். ஆணி அடித்தார்.

ஆக, எங்கள் ஊரில் கொரோனா போலீஸ் ஜீப்பில்தான் வந்தது. தூரத்தில் "ஏல, ஜீப்பு!" என்று ஒரு குரல் கேட்டால் போதும், கழுத்தில் கிடந்தது, தாடையில் தொங்கியது, சட்டைப்பையில் பீடிக்கட்டோடு படுத்திருந்தது எல்லாம் ஒரே நொடியில் மூக்குக்கு ஏறும். ஜீப் வளைவு தாண்டியதும் இறங்கும். பிறகு நிம்மதியாக இருமிக்கொள்வோம். கடை வாசலில் சுண்ணாம்பு வட்டங்கள் போட்டிருந்தார்கள். அந்த வட்டங்களுக்குள் வயர் கூடையும் ரப்பர் செருப்பும் செங்கல்லும் ஆறடி இடைவெளி பிசகாமல் வரிசையில் நின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் வேப்பமரத்தடியில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தபடி, ஒரே செல்போனில் அன்றைய சாவு எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டில் சமூக இடைவெளியை உண்மையாகக் கடைப்பிடித்த செருப்புகளுக்கு யாராவது விருது கொடுத்திருக்க வேண்டும்.

கையுறைக் கதை இன்னும் விசேஷம். எங்கிருந்தோ ஒரு பெட்டி ரப்பர் கையுறை வந்து இறங்க, அண்ணாச்சி ஒரு ஜோடியை மாட்டினார். அதே கையால் காசு வாங்கினார், மல்லி அள்ளினார், கருப்பட்டி உடைத்தார், மூக்கைத் தேய்த்தார். பிளாஸ்டிக் பை ஒட்டிக்கொண்டால் கவசத்தைக் கீழே இழுத்து, கையுறை விரலை நாக்கில் தொட்டு ஒவ்வொன்றாகப் பிரித்தார். வரிசையில் நின்ற ஓர் அம்மா பொறுக்கமாட்டாமல் கேட்டார்:

"அண்ணாச்சி, நாக்குல வெரல வச்சு வச்சுப் பை பிரிக்கியளே, இது நல்லாருக்கா?"

"கையிலதான் கிளவுஸ் கெடக்குல்லா தாயி. பொறவு என்ன பயம்?"

மத்தியானம் கையுறைக்குள் வியர்வை தேங்கியதும் உருவி எடுத்து, வாயால் ஊதி விரல்களை நிமிர்த்தி, தராசுத் தட்டில் காயப்போட்டார். நாலு மணிக்கு அதையே மறுபடி மாட்டிக்கொண்டு அதே தட்டில் துவரம்பருப்பு நிறுத்தார்.

இதில் கேலிக்குரியவர் அண்ணாச்சி ஒருவர்தானா? கடைக்குப் போகிறவனுக்குக் கையுறையால் பெரிய பலன் இல்லை என்பது மருத்துவம் அப்போதே சொன்ன செய்தி. ரப்பர் மேலே ஒட்டுகிற கிருமியும் தோல் மேலே ஒட்டுகிற கிருமியும் மூக்குக்குப் போகிற பாதை ஒன்றே. தோலையாவது சோப்புப் போட்டுக் கழுவலாம். பொதுமக்கள் கையுறை போடவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவே இல்லை. முகக்கவச விஷயத்தில் அந்த நிறுவனமும் யோசித்து யோசித்து 2020 ஜூன் 5-ஆம் தேதிதான் நெரிசலான இடங்களில் எல்லோரும் போடுங்கள் என்ற முடிவுக்கு வந்தது. இந்தக் கிருமி முக்கியமாகக் காற்றில், மூச்சில், மூடிய அறையில் பரவுகிறது என்று தெளிவானபோது, நம் அதிகாரிகள் பாலத்தின் கைப்பிடிக்கும் பஸ் ஸ்டாண்டு பெஞ்சுக்கும் மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். திருப்பூர் மார்க்கெட்டில் மனிதர்களையே ஒரு கூண்டுக்குள் நடக்கவிட்டு மருந்து தெளித்தார்கள். ஊர் ஊராக அதைக் காப்பியடித்துத் திறப்பு விழாவும் நடத்திப் படமும் எடுத்துக்கொண்டார்கள். 2020 ஏப்ரலிலேயே, இதனால் கேடுதான், நிறுத்துங்கள் என்று பொதுச் சுகாதாரத் துறையே சொல்லவேண்டி வந்தது. மூடும் நாளுக்கு ரிப்பன் வெட்ட ஒருவரும் வரவில்லை.

கவசம் கேலிக்குரிய பொருள் இல்லை என்பதால்தான் இவ்வளவு ஆத்திரம் வருகிறது. 1910-11 குளிரில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் ஆயிரக்கணக்கில் கொன்றபோது, பினாங்கில் பிறந்த ஊ லியன்-தே என்ற இளம் மருத்துவர், இது எலியால் இல்லை, மூச்சால் பரவுகிறது என்று சொல்லிப் பஞ்சும் வலைத்துணியும் வைத்துத் தைத்த கவசத்தைக் கட்டச் சொன்னார். அவரைவிட மூத்தவரான பிரெஞ்சு மருத்துவர் மெனி அதை ஏளனம் செய்து, வெறும் முகத்தோடு வார்டுக்குள் போனார். சில நாளில் அதே பிளேக்கில் செத்தார். நூறு வருஷத்துக்கு முன்பே நிரூபணமான ஒரு நல்ல பொருளை எடுத்து, அபராத ரசீதுக்கு அட்டையாக மாற்றிய பெருமை நம்முடையது.

ரசீதின் கணக்கைப் பார்ப்போம். அந்த ஆண்டு நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் தினக்கூலி 256 ரூபாய். வெட்டிய மண் அளவு குறைந்தால் அதுவும் முழுசாக வராது. மூக்கு தெரிந்ததற்கு அபராதம் 200. மிச்சம் 56 ரூபாய்க்கு அரிசி வாங்கவா, கவசம் வாங்கவா? 2020 ஏப்ரலில் ரேஷன் அட்டைக்கு 1,000 ரூபாய் நிவாரணம் வந்தது உண்மைதான். வீட்டில் ஐந்து பேரும் ஒருமுறை கவசமில்லாமல் தெருவுக்கு வந்தால் ஆயிரமும் வந்த வழியே கஜானாவுக்குத் திரும்பிவிடும். ஜூலையில் ரேஷன் கடை வழியாக ஆளுக்கு 2 துணிக் கவசம் தருவதாகத் திட்டம் தொடங்கினார்கள். ஆளுக்கு இரண்டு கவசம், ஆண்டுக்கணக்கில் நோய். மூன்றாவது கவசத்துக்கு ஆணிதான் கதி.

அபராதத்தோடு முடிந்திருந்தால்கூடத் தலையெழுத்து என்று விட்டுவிடலாம். 2020 ஜூன் 19 அன்று பக்கத்து மாவட்டமான தூத்துக்குடியில், சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் தாண்டிச் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லித் தந்தை ஜெயராஜைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள்; அவரைத் தேடிப் போன மகன் பென்னிக்ஸையும் பிடித்து வைத்தார்கள். 22-ஆம் தேதி இரவு மகன் செத்தார். 23 காலை தந்தை செத்தார். ஒன்பது போலீஸ்காரர்கள் மேல் சி.பி.ஐ. கொலைக் குற்றப்பத்திரிகை போட்டது. நம் உயிரைக் காப்பாற்றப் போட்ட உத்தரவின் பெயரால் எடுக்கப்பட்ட உயிர்கள் அவை. இதற்குப் பிறகும் ஜீப்பைக் கண்டு கவசம் ஏற்றிய எங்கள் ஊர்க்காரனை அறிவில்லாதவன் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? எது முதலில் கொல்லும் என்று அவன் சரியாகவே கணக்குப் போட்டிருந்தான்.

இனி, கூட்டம் கூட்டியது யார் என்று பார்க்கலாம். 2020 ஏப்ரலில் சென்னை, மதுரை, கோவை நகரங்களுக்கு நாலு நாள் முழு அடைப்பு என்று அறிவித்து, முந்தின நாள் கடைகளைத் திறந்துவிட்டார்கள். காய்கறிக் கடைகளில் மக்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். ஆட்சி மாறிய பிறகு 2021 மே 24-லிருந்து தளர்வில்லாத ஊரடங்கு என்று அறிவித்து, அதற்கு முந்தின இரண்டு நாளும் கடைகளை இரவு வரை திறந்து பஸ்ஸும் விட்டார்கள். கட்சி வேறு, புத்தி ஒன்று. நடுவில் 2020 மே 7-ஆம் தேதி டாஸ்மாக் திறந்தது. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்க, கோயில் பூட்டிக் கிடக்க, சாராயக் கடைக்குத் தடுப்புக் கம்பும் டோக்கனும் போலீஸ் காவலும் வந்தன. ஒரே நாளில் ஏறத்தாழ 170 கோடி ரூபாய் விற்பனை. ஏழை அரிசி வாங்கக் கூடினால் தொற்றுப் பரப்புகிறவன், பாட்டில் வாங்கக் கூடினால் வருவாய் ஈட்டித் தருகிறவன்.

சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக்குச் சனம் கூடமுடியவில்லை. ஒற்றைக்காலில் தவம் நின்ற கோமதி அம்மனுக்கே கிடைக்காத அனுமதி, அடுத்த சில மாதத்தில் வேட்பாளர்களுக்குக் கிடைத்தது. 2021 தேர்தலுக்கு லாரி லாரியாக ஆள் ஏற்றினார்கள். மேடையில் தலைவர்கள் கவசத்தைக் கழற்றிவிட்டு, கீழே நிற்கிறவர்களைக் கவசம் போடச் சொன்னார்கள். ஆரத்தித் தட்டுகள் ஒரு முகத்திலிருந்து அடுத்த முகத்துக்கு நகர்ந்தன. அப்போது எங்கேயும் ரசீதுப் புத்தகம் கண்ணில் படவில்லை.

ஏப்ரல் 6, வாக்குப்பதிவு நாள். அன்றைக்குத்தான் அதிசயம் நடந்தது. வாக்குச்சாவடி வாசலில் கிருமிநாசினி ஊற்றினார்கள், காய்ச்சல் பார்த்தார்கள், ஆளுக்கொரு பிளாஸ்டிக் கையுறையும் கொடுத்தார்கள். வலது கைக்கு மட்டும். பீடி சுற்றிய கைக்கு, தறி ஓட்டிய கைக்கு, ரேஷன் கடையில் எல்லோரும் தொட்ட மெஷினில் ரேகை வைத்த கைக்கு அதுவரை வராத கையுறை, பட்டனை அழுத்தும் அந்த ஒரு நிமிஷத்துக்கு மட்டும் வந்தது. அரிசிக்காகப் போகையில் எங்கள் உயிர் எங்கள் பொறுப்பு. ஓட்டுக்காகப் போகையில் எங்கள் விரல் அரசாங்கத்தின் பொறுப்பு. அழுத்தி முடித்ததும் உருவிப் போட்ட கையுறைகள் பல வாக்குச்சாவடி வாசல்களில் மண்ணில் புரண்டன. கடைசியில் அவற்றைக் கூட்டி அள்ளியவர்கள் தூய்மைப் பணியாளர்கள். தமிழ்நாட்டில் உண்மையிலேயே கையுறை தேவைப்படுகிற கைகள் அவர்களுடையவைதான். அவர்கள் பல இடங்களில் வெறுங்கையோடு வேலை பார்ப்பது நாம் தினமும் தாண்டிப்போகிற காட்சி.

வாக்குப்பதிவு அன்று தமிழ்நாட்டில் நாளொன்றுக்கு மூவாயிரத்துச் சொச்சமாக இருந்த தொற்று, மே 21-ஆம் தேதி 36,184-ஐத் தொட்டது. இரண்டாம் அலைக்குத் தேர்தல் ஆணையமே பொறுப்பு, கொலை வழக்குக்கூடப் போடலாம் என்று ஏப்ரல் 26 அன்று சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சஞ்ஜிப் பானர்ஜி பொங்கினார். ஆணையத்துக்கு மனம் புண்பட்டது; உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது. அந்தச் சொல் கடுமையானது என்று அங்கே ஆறுதல் கிடைத்தது. அரசுக் கணக்குப்படியே தமிழ்நாட்டில் செத்துப்போன 38,000 பேருக்கும் அப்பீல் போகத் தோதுப்படவில்லை.

அடுத்த கிருமி வராமலா போகும்? வரும்போது வேண்டியது சின்னப் பட்டியல்தான். மாதாமாதம் ரேஷனில் அரிசியோடு மூக்கை ஒழுங்காக மூடும் நல்ல கவசம். காற்று வர வழியுள்ள சந்தை, நாள் முழுக்கத் திறந்திருக்கும் கடை. காய்ச்சலில் படுத்தவனுக்கு எழுந்து வரத் தேவையில்லாதபடி வீட்டுக்கே கூலி. குப்பை அள்ளும் கைக்கு முதல் கையுறை. கிருமி எப்படி வருகிறது என்று பஜாரில் நின்று, லத்தி இல்லாமல், எங்கள் பேச்சில் சொல்ல ஓர் ஆள்.

இவ்வளவும் கொடுத்த பிறகு ஒருவன் மூக்கைத் திறந்துபோட்டுக் கடைக்கு வந்து அடுத்தவன் முகத்தில் இருமினால், 200 என்ன, 2,000 கேளுங்கள். ரசீதை நானே எழுதித் தருகிறேன். எதையும் கொடுக்காமல் கம்பைத் தூக்கிக்கொண்டு வந்து காசு கேட்டால், அதற்குப் பொதுச் சுகாதாரம் என்று பெயர் வைக்காதீர்கள். நாங்கள் அதை வழிப்பறி என்போம்.