துருத்தியைப் பார்த்து வாங்கு, பேராண்டி!

வா பேராண்டி, திண்ணையில உக்காரு. போன்ல என்னத்தக் காட்டுற? ஓ, மரக் கேமராவா! ஒரு நாளைக்கு நானூறு படம் தட்டுற பயலுக்கு, ஒத்தைப் படத்துக்காக அரைமணி நேரம் கருப்புத் துணிக்குள்ள தலையை விட்டுக் குனியணும்னு ஆசை வந்துருச்சாக்கும். வரட்டும். சோறு மிஞ்சினவனுக்குத்தான் விரதம் இருக்கத் தோணும்.

பழசா, புதுசான்னு கேக்குற. முப்பது வருசம் ஸ்டுடியோவுல குப்பை கொட்டினவன் சொல்றேன், கேளு.

பழசைக் கண்டதும் உனக்கு வாயில எச்சி ஊறுது, ஏன்? பித்தளை மினுமினுங்குது. விக்கிறவன் நேத்து ராத்திரிதான் புளி போட்டு விளக்கியிருப்பான். அந்தக் காலத்துல வெள்ளைக்காரன் நம்ம மாதிரி வெக்கை ஊருக்குன்னே தேக்குல பெட்டி செஞ்சு, மூலைக்கு மூலை பித்தளைத் தகடு அடிச்சு அனுப்பினான். அழகுக்குன்னு நெனச்சியா? புழுக்கத்துல பசை விட்டு மூட்டு கழண்டுரும்னு பயந்து அடிச்சது அது.

மாட்டுச் சந்தையில கொம்பைச் சீவி எண்ணெய் தடவித்தான் நிறுத்தியிருப்பான். வெவரம் தெரிஞ்சவன் வாயைத் தெறந்து பல்லைப் பாப்பான். இந்தப் பெட்டிக்குப் பல்லு எதுன்னா, துருத்தி. கரண்டு போன ராத்திரியில துருத்தியை முழுசா இழுத்து விட்டு, உள்ள டார்ச்சைப் போட்டு, மடிப்பு மடிப்பாப் பாரு. மடிப்பு மூலையில நட்சத்திரம் மின்னுச்சுன்னா அந்தப் பெட்டியை ஜோசியக்காரனுக்குக் குடுத்துட்டு வந்துரு. ஊசிமுனை ஓட்டை ஒண்ணு போதும், பிலிம்ல மூட்டம் போட்டுரும்.

துருத்தின்னதும் ஞாபகம் வருது. ஆலப்புழையில வாகீஸ்வரின்னு ஒரு ஃபீல்டு கேமரா செஞ்சாங்க, 1940-கள்ல ஆரம்பிச்சது. செஞ்சவர் கருணாகரன். அவுக அப்பாவுக்கு இசைக்கருவி பழுது பாக்குற கடை. ஆர்மோனியத் துருத்தி ஒட்டிப் பழகின கை பாரு, ஒரு ஸ்டுடியோக்காரர் தன் கேமராத் துருத்தி கிழிஞ்சுருச்சுன்னு கொண்டாந்து குடுத்ததும் சரி பண்ணிட்டாரு. அப்புறம் முழுக் கேமராவையே செய்யுறதுன்னு எறங்கிட்டாரு. எங்க கடையிலயும் அதான் நின்னுச்சு. இப்ப நீ சொல்லு, உனக்கு ஆர்மோனியம் சரி பண்ற ஆள் யாரையாவது தெரியுமா? தெரியாதுன்னா பழசு பக்கம் போறதுக்கு முன்னால ரெண்டு தடவை யோசி.

அளவு இருக்கே, அதுலதான் முக்கால்வாசிப் பேரு கவுந்தான். அன்னைக்கு ஹாஃப் பிளேட்டு, புல் பிளேட்டுன்னு கணக்கு. ஹாஃப் பிளேட்டு 4¾-க்கு 6½ அங்குலம், புல் பிளேட்டு 6½-க்கு 8½. இன்னைக்குத் தாள் பிலிம் சுளுவாக் கிடைக்கிறது 4×5, 8×10-லதான். புல் பிளேட்டு வேணும்னா இங்கிலாந்துல இல்ஃபோர்டுக்காரன் வருசத்துக்கு ஒருக்க ஆர்டர் வாங்கி வெட்டித் தாறான். கோயில் கொடைக்குக் காத்திருக்கிற மாதிரி காத்திரு!

அதோட, பழைய பெட்டியில பிளேட்டு மாட்டுற சட்டம் கண்ணாடி பிளேட்டுக்குன்னு செஞ்சது. அதுல மெல்லிசு பிலிமை எப்படியாவது திணிச்சுட்டேன்னு வச்சுக்க, நீ ஃபோகஸ் பாத்த கிரவுண்டு கிளாஸ் ஒரு எடத்துல, பிலிம் மயிரிழை தள்ளி இன்னொரு எடத்துல. மாப்பிள்ளை மூக்கு தெளிவா விழும்னு எடுத்தா, முன்னால நிக்கிற மாமியார் காது பளிச்சுன்னு விழுந்திருக்கும். அன்னைக்கு எங்க லென்சுக்கு ஷட்டரும் கிடையாது. மூடியைக் கழத்தி, ஒண்ணு ரெண்டு எண்ணி, திரும்ப மூடுவோம். மந்தமான பிளேட்டுக்கு அது சரி. இப்பத்திய 400 வேகப் பிலிமைப் போட்டு வெட்டவெளியில மூடியைத் தூக்கினா, நீ 'ஒண்ணு'ங்கிறதுக்குள்ள வெயில் உள்ள பூந்து பாய் விரிச்சுப் படுத்துரும்.

புதுசுக்கு வருவோம். இங்கிலாந்துல பிரைட்டன் ஊர்க்காரன் இன்ட்ரெபிட்னு பிர்ச் பிளைவுட்டுல செய்யுறான். பிளைவுட்டா, எங்க வீட்டுக் கக்கூஸ் கதவும் அதானேன்னு மொதல்ல நானும் சிரிச்சேன். ஆனா 4×5 பெட்டி எடை ஏறக்குறைய 1.2 கிலோதான். கடையில கிடைக்கிற பிலிம் ஹோல்டர் சொன்னபடி உக்காருது, லென்ஸ் பக்கம் ஏறுது, எறங்குது, சாயுது. சீனாக்காரன் சமோனிக்ஸ்னு செய்யுறது இன்னும் நறுவிசு.

பழசுதான் கம்பீரம்னு ஒத்தக்கால்ல நின்னேன்னா, சிகாகோவுல செஞ்ச டியர்டார்ஃபைத் தேடு. 1923-ல மொதல் பத்துப் பெட்டியை, மதுவிலக்குல மூடின சாராயக் கடைகளோட மகாகனிப் பலகையில செஞ்சதாச் சொல்லுவாங்க. 8×10 பெட்டி மட்டும் அஞ்சு கிலோவுக்கு மேல. அதைத் தூக்கிக்கிட்டு பொதிகை மலை ஏறினேன்னா, பலகையில ஊறின வாடைதான் உனக்குத் தெம்பு. பெட்டியோட முடியலை, தாளும் 4×5-ஐ விட நாலு மடங்கு பெருசு. செலவும் அதுக்குத் தக்கனதான்.

ஆக, படம் எடுக்கணும்னா புதுசு வாங்கு, அதுவும் 4×5. ஹாலுல நிறுத்தி வர்றவங்க வாயைப் பொளக்கணும்னா பழசு வாங்கு. ரெண்டாவது ஆசையை மனசுல வச்சுக்கிட்டு, மொதலாவதைச் சொல்லி வீட்டுல காசு கேக்காத, உங்க ஆத்தா கெட்டிக்காரி.

என் வாகீஸ்வரியா? பரணுல இருக்கு. துருத்தியில பதினோரு ஓட்டை, எண்ணி வச்சிருக்கேன். விலை கேட்டு வாயைத் தெறக்காத. ஞாயித்துக்கிழமை வா, எறக்கித் தொடச்சுப் பாப்போம். டார்ச்சு எங்கிட்ட இருக்கு, நீ ஒரு கவுளி வெத்தலை மட்டும் வாங்கிட்டு வந்துரு.