செயப்பாட்டு வினைக்காரர்

காலாப்பட்டு புதுச்சேரியைச் சேர்ந்ததுதான். ஆனால் இங்கிருந்து டவுனுக்குப் போக நடுவில் தமிழ்நாட்டைத் தாண்டியாக வேண்டும். பிரெஞ்சுக்காரன் துண்டு துண்டாய் விட்டுப்போன நிலத்தின் லட்சணம் அது. ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்க அமைப்பான வின்சென்ட் தே பவுல் சபையின் நெடுநாள் செயலர் எங்கள் அண்ணனும் அதே வார்ப்பு. குடும்பஸ்தர்தான், ஆனால் அவரை வீட்டில் பிடிக்க நடுவில் சபையைத் தாண்டியாக வேண்டும்.

பல்கலைக்கழகம், சட்டக் கல்லூரி, மருத்துவமனை, மத்திய சிறை எல்லாம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். இவற்றில் ஏதோ ஒன்றில் அண்ணன் குமாஸ்தா. எதில் என்று கேட்டால், "கவர்ன்மென்ட்" என்பார். உத்தியோகம் சபைக்குப் போகும் வழியில் இருக்கும் ஓர் இடம், அவ்வளவுதான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கூட்டம். ஜெபம், போன வாரக் குறிப்பு வாசிப்பு, ஏழைகள் வீட்டுச் சந்திப்பு பற்றிய அறிக்கை, கடைசியில் இரகசியப் பை. பைக்குள் கை போவது தெரியும். என்ன விழுந்தது என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. முப்பது வருஷம் இதற்கெல்லாம் குறிப்பு எழுதி எழுதி அண்ணனுக்கு ஒரு வியாதி வந்துவிட்டது. அவர் உலகத்தில் யாரும் எதையும் செய்வதில்லை, எல்லாம் செய்யப்படுகிறது. அவருக்கு எவனாவது செய்வினை வைத்தாலும் பலிக்காது. ஆள் முழுக்கச் செயப்பாட்டு வினை.

"ஏங்க, மீன் வாங்கினீங்களா?"

"மத்தி விசாரிக்கப்பட்டது. விலை அதிகம் என்று கருதப்பட்டதால் கத்திரிக்காய் ஏகமனதாகத் தேர்வு செய்யப்பட்டது."

"கேஸ் புக் பண்ணச் சொன்னேனே?"

"அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது."

ஞாயிறு மாலை பெத்தாங்க் ஆட டவுனுக்குப் போவார். இரும்புக் குண்டை உருட்டுவதைவிட, எது சின்னக் கட்டைக்குக் கிட்டே நிற்கிறது என்று நாடா பிடித்து அளப்பதில்தான் அவருக்கு ருசி. திரும்பி வந்ததும் அறிக்கை: "ஆட்டம் தோற்கப்பட்டது." யாரால் என்பது குறிப்பில் இருக்காது.

பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் சபை பிறந்த பாரிசில் போய் நிற்கும். மகன் கணக்கில் பெயிலாகி வந்தான். "பிரெதெரிக் ஓசானாம் 1833-ல இந்தச் சபையை ஆரம்பிச்சப்ப அவருக்கு வயசு இருபதுடா! முப்பது வருஷத்துல, 1863-ல பம்பாய்க்கே வந்துடுச்சு. நீ என்ன ஆரம்பிச்சிருக்க?"

"அவருக்குச் சபையை ஆரம்பிக்கிறது மட்டும்தான்பா வேலை. சபைக்குப் போன அப்பா எப்ப வருவாருன்னு வாசல்ல நிக்கிற வேலை அவருக்கு இல்ல."

அன்றைய குறிப்பில் இது சேர்க்கப்படவில்லை.

வீட்டுச் சந்திப்புக்கு இருவர் இருவராகப் போவது சபை வழக்கம். ஒருநாள் அண்ணி, கூட்டாளியிடமே விண்ணப்பம் வைத்தாள்: "தம்பி, நம்ம வீட்டையும் லிஸ்ட்ல சேத்துக்கோங்க. நீங்க வந்தா அவரும் வருவாரு இல்ல?"

அண்ணிதான் ஒருமுறை பழைய நோட்டுகளைத் தூசி தட்டினாள். 2005 ஜனவரிப் பக்கம், சுனாமிக்குப் பின் முதல் கூட்டம்: 'குப்பத்தில் ஒரு குடும்பத்துக்குப் போர்வை வழங்கப்பட்டது.' கல்யாணத்துக்குத் தாய்வீட்டில் கொடுத்த பச்சைப் போர்வை காணாமல் போனது அந்த வாரம்தான். வண்ணான் மேல் பழிபோட்டு இருபது வருஷமாகிறது. பக்கங்களைப் புரட்டினாள். 'அரிசி கொடுக்கப்பட்டது. அரிசி கொடுக்கப்பட்டது.' ஓசானாம் முதலில் ஏழை வீட்டுக்குச் சுமந்துபோனது தன் வீட்டு விறகை என்று சொல்வார்கள். இவருக்கு விறகு கிடையாது, கேஸும் ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. இருப்பது அரிசி டின்தான்.

அந்த ஞாயிறு அவரைக் கேட்டாள்: "டின்னுல அரிசி குறைஞ்சிருக்கே?"

"குறைக்கப்பட்டிருக்கலாம்."

அவள் மேலே கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை ராத்திரி அண்ணன் சத்தமில்லாமல் டின்னைத் திறந்தார். விளிம்பு வரைக்கும் அரிசி. திகைத்துத் திரும்பினால், அண்ணி சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தபடி சொன்னாள்:

"நிரப்பப்பட்டது."