கியர் பாக்ஸ் பட்டறைக்காரரின் நன்றி மடல்

அனுப்புநர்: கியர் பாக்ஸ் பிரித்துப் பிழைக்கும் ஒருவன்
பெறுநர்: பொறுப்பு அதிகாரி அவர்கள், வண்டி தூக்கும் பிரிவு, எங்கள் ஊர்ப் போக்குவரத்துக் காவல்
பொருள்: தற்போதைய நடைமுறையை எக்காரணம் கொண்டும் மாற்ற வேண்டாம் எனக் கோருதல் – தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் பிரிவுக்கு ஃபிளாட்பெட் வண்டி வாங்கப் போவதாகவும், ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போவதாகவும் டீக்கடையில் பேச்சு அடிபடுகிறது. உண்மையானால் என் பிழைப்பில் மண்தான். நோ பார்க்கிங்கில் நிற்பது எந்த வண்டியானாலும் மூக்கில் கொக்கி போட்டு, முன்பக்கத்தைத் தூக்கி, பின்சக்கரத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு போகும் தங்கள் சமத்துவக் கொள்கையை நம்பித்தான் பட்டறைக்குப் புது ஷெட் போட்டேன்.

தங்கள் பையன்களைக் குறை சொல்ல மாட்டேன். 1983-இல் மாருதி 800 வந்த பிறகு நம் தெருவில் முன்சக்கரம் இழுக்கும் கார்கள்தான் பெருகின. அவற்றுக்கு மூக்கைத் தூக்குவதே சரி. இஞ்சின் ஓட்டும் சக்கரம் மேலே போய்விடும். பின்சக்கரம் சும்மா உருளும். (ஹேண்ட் பிரேக் போடாமல் இருந்தால். போட்டிருந்தால் அந்த வரும்படி பக்கத்து டயர் கடைக்கு. அதில் நான் கண் வைப்பதில்லை.) படித்த அந்த ஒரு பாடத்தைப் பொலேரோ, ஆம்னி, இன்னோவா என்று எது வந்தாலும் தடங்கலில்லாமல் ஒப்பிக்கிறார்கள்.

அங்கேதான் என் வீட்டில் உலை கொதிக்கிறது. பின்சக்கரம் தள்ளும் வண்டியின் மூக்கைத் தூக்கி இழுத்தால் இஞ்சின் தூங்கும், மற்றதெல்லாம் விழித்துக்கொள்ளும். உருளும் சக்கரம் டிஃபரன்ஷியலைச் சுற்றும், அது புரொப்பல்லர் ஷாஃப்ட்டைச் சுற்றும், அது கியர் பாக்ஸின் பின்பாதியைச் சுற்றும். ஆட்டோமேட்டிக் என்றால் எனக்கு அன்றைக்கே தீபாவளி. உள்ளே எண்ணெயைத் தள்ளும் பம்ப் பெரும்பாலும் இஞ்சினோடு சேர்ந்துதான் ஓடும். இஞ்சின் நின்றால் பம்ப்பும் நின்றது. பேரிங்கும் பல்லும் எண்ணெய் இல்லாமல் உரசிக் கருகும். மேனுவல் வண்டியும் முழுக்கத் தப்புவதில்லை. நியூட்ரலில் போட்டு இழுத்தாலும், எண்ணெயை வாரி இறைக்க வேண்டிய லே ஷாஃப்ட் இஞ்சின் பக்கம் சேர்ந்தது. அது அசையாமல் கிடக்க மெயின் ஷாஃப்ட் மட்டும் தனியாகச் சுற்றும். பக்கத்துத் தெரு வரை தாங்கும். தங்கள் யார்டு ஊருக்கு வெளியே இருப்பது என் அதிர்ஷ்டம்.

போதாததற்கு, பூட்டிய வண்டிக்கு நியூட்ரல் ஏது? மேனுவல் ஃபர்ஸ்ட் கியரில் நிற்கும். ஆட்டோமேட்டிக் ‘பி’-யில் நிற்கும், உள்ளே ஒரு சின்ன இரும்புப் பல் கவ்விக்கொண்டிருக்கும். ஹேண்ட் பிரேக்கும் பெரும்பாலான கார்களில் பின்சக்கரத்துக்குத்தான். இத்தனையையும் மீறி இழுத்துக்கொண்டு போகும் தங்கள் ஓட்டுநரின் மன உறுதிக்கு ஒரு சல்யூட்.

என் பயமெல்லாம், யாராவது ஒருவர் குனிந்து பார்த்துவிடுவாரோ என்பதுதான். பொலேரோவிலும் ஆம்னியிலும் பின் அச்சின் நடுவே பானை மாதிரி ஓர் உருண்டையும், அதற்கு முன்னாலிருந்து வரும் நீளக் குழாயும் சட்டென்று கண்ணில் படும். பார்த்தவர் பின்பக்கத்தைத் தூக்கிவிடுவார். தூக்கினால் என் கதை முடிந்தது. பூட்டிய வண்டியானாலும் கியர், ஹேண்ட் பிரேக் எல்லாம் காற்றில் தொங்கும், ஒன்றுக்கும் பாதகமில்லை. முன்சக்கரம் நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். கோணலாகப் பூட்டிக் கிடந்தால் அதன் அடியில் சின்னச் சக்கரம் வைத்த டாலியைச் செருக வேண்டும். சாவி கையில் இருந்தால் ஸ்டியரிங் பூட்டை நம்பாமல், சக்கரத்தை நேராக்கிப் பட்டையால் இழுத்துக் கட்ட வேண்டும். இதையெல்லாம் ரகசியமாக வைத்துக்கொள்ளவும்.

அம்பாசடர் காலத்து மெக்கானிக்குகளால் பட்ட கஷ்டம் போதும். வழியில் நின்றுபோன வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுப்பார்கள். டிஃபரன்ஷியல் பக்கம் நாலு போல்ட்டைக் கழற்றி ஷாஃப்ட்டைப் பிரித்துவிட்டால் கியர் பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் உறவு அறுந்தது. பிறகு எவ்வளவு தூரம் கட்டி இழுத்தாலும் பாக்ஸுக்கு ஒன்றும் ஆகாது. 2014-இல் அம்பாசடர் தயாரிப்பு நின்றது. அந்த வழக்கமும் போனது. கும்பிட்டேன்.

சட்டம் தங்கள் பக்கம் இருப்பதும் ஆறுதல். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 127-ஆம் பிரிவின்படி இழுவைச் செலவு முழுக்க உரிமையாளர் தலையில். அதற்குத் தாங்கள் ரசீது தருகிறீர்கள். மீதிக்கு நான் தருகிறேன். கட்டி இழுக்கும்போது வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, இடைவெளி 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று 1989-இல் வந்த சாலை விதிகளிலேயே எழுதினார்கள். எழுதியவருக்கு யாரோ என்னைப் போல ஒரு பட்டறைக்காரன்மேல் கோபம் போல.

ஒரே ஒரு எச்சரிக்கை. இன்னோவா கிரிஸ்டா பின்சக்கர வண்டி; ஹைகிராஸ் முன்சக்கர வண்டி. பயிற்சி கொடுத்தே தீருவோம் என்றால், பெயரைப் பார்த்துத் தூக்கும் முறையைக் கற்றுக்கொடுக்கவும். வருமானத்தில் பாதியாவது மிஞ்சும். பேட்டரி கார்களை மட்டும் தாராளமாக ஃபிளாட்பெட்டில் ஏற்றுங்கள். அந்த மோட்டாரைப் பிரிக்க எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
தங்கள் கொக்கியை நம்பி வாழும்
பட்டறைக்காரன்

இணைப்பு: பட்டறை விசிட்டிங் கார்டு, ஒரு கட்டு (ரசீதோடு பின் அடித்துக் கொடுக்க).