படுத்தவர் எழுந்த கதை

கேள்வி: நெடுந்தூர டிரையத்லான் பந்தயத்தின் நடுவே உடம்புக்கு முடியாமல் போனால், பேசாமல் படுத்துக்கொள்ள வேண்டியதுதானே?

பதில்: படுக்கத்தான் செய்தார், பாலா நியூபி-ஃப்ரேசர்! ஹவாய்த் தீவின் கோனாவில் 1995-இல் நடந்த அயர்ன்மேன் பந்தயத்தில், கடலில் 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, 42 கிலோமீட்டர் ஓட்டத்தின் அந்திமக் கட்டத்தையும் எட்டிவிட்ட அந்த வீராங்கனை, அதற்குமுன் ஏழு முறை வாகை சூடியவராயிருந்தும், கடைசி மைல்களில் தண்ணீருக்குக்கூட நில்லாமல் விரைந்ததன் பலனாகச் சரீரம் வறண்டு, எல்லைக்கோட்டுக்குச் சில நூறு மீட்டர் முன்பாகத் தள்ளாடித் தெருவில் சாய்ந்தார். பின்னால் வந்த கேரன் ஸ்மையர்ஸ் முந்திச் சென்று ஜயித்தார். சுமார் இருபது நிமிஷம் தார்ச்சாலையிலேயே கிடந்தவர், பிறகு எழுந்து, வெறுங்காலுடன் மெல்ல நடந்து நான்காவதாக வந்து சேர்ந்தார். அந்த நடையை நான் அவருடைய ஜயங்களுக்கெல்லாம் மேலாக மதிக்கிறேன். (காய்ச்சலோடு பந்தயத்தில் இறங்குவது வேறு விஷயம், இருதயத்துக்கே ஹானி விளையலாம், அன்று வீட்டில் இருப்பதே விவேகம்.)

மறு வருஷம், 1996-இல், அதே கோனாவில் அவர் எட்டாவது முறையாக ஜயித்தார்.