மணல் இருந்த காலத்து வண்டி

கோட்டக்குப்பம் கரையில் மணல் நிறைந்து கிடந்த காலத்தில், ஊரில் ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இன்றைக்குச் சனிக்கிழமை காலையில் ஈ.சி.ஆர். ஓரம் ஒரு டீ சொல்லிவிட்டு நின்றால் போதும், தாரும் ஃபார்ச்சூனருமாகச் சென்னையிலிருந்து வரிசை கட்டி வருகின்றன, இறங்கி ஓட்ட மணல்தான் இல்லை. எண்பதுகளின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்து வரும் மணல் அங்கேயே தங்கிவிட, முதலில் புதுச்சேரிக் கரை போயிற்று, பிறகு தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று கடல் வடக்காக அரித்துக்கொண்டே வந்தது. நாங்கள் பந்து விளையாடிய இடத்தில் கருங்கல் கொட்டியிருக்கிறது, கல்லுக்கு அப்பால் தண்ணீர்.

அந்த மணலில் ஏறி இறங்கிய ஜீப்பை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சவுக்கு வியாபாரி ஒருவருடைய பழைய மகிந்திரா, வில்லிஸ் உரிமத்தில் செய்தது. ஸ்டியரிங் இடது பக்கம். பின்னால் சிவப்புப் பெயிண்டில் ‘லெஃப்ட் ஹேண்ட் டிரைவ்’ என்று எழுதியிருக்கும். முன்னால் போகும் பஸ்ஸைத் தாண்ட வேண்டுமென்றால் எதிரே வருவது டிரைவருக்குத் தெரியாது, ஆகையால் வலது பக்கம் ஒரு பையன் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டி, “வரலாம்ணே, வரலாம்ணே... இருங்கண்ணே, லாரி!” என்று குரல் கொடுக்க வேண்டும். சம்பளம் கிடையாது, ஆனால் பள்ளிக்கூடம் விட்டதும் அந்த இடத்துக்கு எங்களுக்குள் அடிதடியே நடக்கும். வண்டி ஓட்டுவதைவிடப் பெரிய பொறுப்பு அது என்று அன்று நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். இப்போது வண்டிக்குள் ஏறினால் சென்சார் கூவுகிறது, கேமரா காட்டுகிறது. விபத்து குறைந்தால் நல்லதுதான், ஆனால் ஒரு பன்னிரண்டு வயதுப் பையனை நம்பி ஒரு பெரியவர் ஆக்சிலேட்டரை மிதித்த அந்த மரியாதையை எந்தச் சென்சார் கொடுக்கும்?

என் ஆசை மட்டும் அந்த ஜீப்பின் மேல் போகவில்லை. அதற்குப் பெரியப்பா மாதிரி இருந்த ஜோங்காவின் மேல் போயிற்று. திண்டிவனத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஜி.எஸ்.டி. சாலையில் ராணுவ வண்டிகள் வரிசையாகப் போகும், நடுவில் அகன்ற முகத்தோடு அது வரும். நிசான் பட்ரோலின் உரிமத்தில், ஜபல்பூர் ராணுவ வாகனத் தொழிற்சாலையில் 1969 தொடங்கி முப்பது வருஷம் செய்தார்கள். அம்பாசடருக்கே 1489 சி.சி. போதும் என்றிருந்த நாட்டில் ஆறு சிலிண்டர், 3956 சி.சி. பெட்ரோல் இன்ஜின், 110 குதிரைசக்தி. ராணுவம் கழித்துவிட்டதை ஏலத்தில் எடுத்து விற்பார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, ஏல அறிவிப்பு வரும் பேப்பரை டீக்கடையில் கடைசிப் பக்கம் வரை படிக்கும் பழக்கம் வந்தது. கையில் காசில்லை, லைசென்ஸும் இல்லை, படிப்பதற்கு என்ன? 2019-இல் தோனி ராஞ்சியில் பச்சை ஜோங்கா ஓட்டிய படம் வந்ததும் ஊர்ப் பிள்ளைகள் என்னிடம் ஓடிவந்து காட்டினார்கள், நான் ஏதோ அவருக்கு முன்பே சொல்லி வைத்தவன் போல.

அன்று பழைய வண்டி வாங்குவது ஊர்க் காரியம். புரோக்கர், மெக்கானிக் பாய், அவருடைய மச்சான், ஒரு பெரியவர் என்று கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போகும் கூட்டம் திரளும். இருபது வருஷம் ஓடிய வண்டி என்றால் “பரவாயில்லை, தாங்கியிருக்கு” என்பார்கள். இன்று வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறுகிறது: கார் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்தது, 15 வருஷம் தாண்டியவற்றுக்கு 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று, 20 வருஷம் தாண்டியிருந்தால் 2025 முதல் 10,000. புகையைக் குறைக்க வேண்டியது நியாயம், அதை நான் மறுக்கவில்லை. 50 வருஷம் தாண்டினால் ‘வின்டேஜ்’ என்று தனிப் பதிவு தருகிறார்கள், ஆனால் தினமும் ரோட்டில் ஓட்டக்கூடாது. ஓட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கவா ஒரு மனிதன் ஜோங்கா வாங்குவான்?

கிளியனூர்ப் பக்கம் ஒன்று நிற்பதாக மருமகன் செல்போனில் படம் காட்டினான். படத்தை நம்பாதே என்று பாயையும் கூட்டிக்கொண்டு விடியற்காலையிலேயே போய்விட்டோம். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருந்தால் குளிரில் மக்கர் செய்கிற இன்ஜினின் குணம் தெரியாது. பாய் முதலில் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார், ஜில்லென்றிருந்தது, தலையாட்டினார். பிறகு துணி சுற்றிய காந்தத்தை பாடி மேல் நகர்த்திக்கொண்டே வந்தார். தகடு இருக்கும் இடத்தில் ஒட்டுகிறது, பட்டி வைத்துத் தேய்த்த இடத்தில் நழுவி விழுகிறது. கீழே படுத்து ஸ்குரூ டிரைவரால் சேஸிஸைத் தட்டினார். உப்புக்காற்றில் நின்ற வண்டி என்றால் உள்ளே பொரபொரவென்று சத்தம் வரும், இது கணீரென்றது. ஆர்.சி. புக்கில் உள்ள இன்ஜின் நம்பரையும் வண்டியில் பொறித்ததையும் ஒப்பிட்டோம். முக்கால்வாசி ஜோங்காக்களில் யாரோ டீசல் இன்ஜினை ஏற்றியிருப்பார்கள். இதில் பிறந்த இன்ஜினே இருந்தது.

பாக்கி இருந்தது ஃபோர் வீல். அதைத் தார் ரோட்டில் சோதிக்கக்கூடாது. லிவரைப் போட்டதும் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே வேகத்தில் சுற்றும். வளைவிலோ முன்சக்கரம் கூடுதல் தூரம் போக வேண்டும், வண்டி முரண்டு பிடிக்கும், கியர் பல்லுக்குக் கேடு. சக்கரம் வழுக்கி விடுபட இளகிய தரை வேண்டும். ஆக, கடற்கரை ஊர்க்காரர்கள் நாங்கள் மணல் தேடிப் புறப்பட்டோம்! ஓனரையும் ஏற்றிக்கொண்டு, கருங்கல் கரையை ஒட்டி வடக்கே போய், கூனிமேடு தாண்டி அனுமந்தைச் சவுக்குத் தோப்பில்தான் கிடைத்தது. சின்ன லிவரைத் தள்ளினார் பாய். ஒரு நொடி தயங்கி, நாலு சக்கரமும் மணலைக் கவ்வி, அவசரமே இல்லாமல் மேட்டில் ஏறியது. பேரம் அங்கேயே முடிந்தது.

மருமகனுக்கு மைலேஜ் கவலை. “டீசல் இன்ஜின் மாத்திடலாம் மாமா, லிட்டருக்கு அஞ்சுகூடக் கொடுக்காது இது” என்கிறான். கணக்கு சரிதான். ஆனாலும் அந்த ஆறு சிலிண்டர் சத்தத்துக்குத்தான் காசு கொடுத்திருக்கிறேன், மாற்றப்போவதில்லை. எல்லை தாண்டி முத்தியால்பேட்டை பக்கம் போனால் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு, பங்க்கில் பிடிக்கிற பையன் மீட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, “இன்னும் போகுது பாய், நிறுத்தவா?” என்று கேட்கிறான். ஃபுல் பண்ணுப்பா என்கிறேன்.