சுவருக்கு வந்த யோகம்

எங்கள் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்துக்கு நான்தான் பொறுப்பு. 1969இல், காந்தி நூற்றாண்டு ஆண்டில் தொடங்கிய திட்டம். வருஷா வருஷம் ஏழு நாள் முகாம். கருவேல முள் வெட்டுவோம், குளம் தூர்வாருவோம், கடைசி நாள் பிரியாணி போட்டுக் கலைவோம். அதில் எனக்குச் சிரமமே இருந்ததில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து பிள்ளைகள் ‘சேவையும் பண்பாட்டு அனுபவமும்’ பெற வருகிறார்கள், கூடவே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னபோதுதான் வயிற்றைக் கலக்கியது.

சேவை என்றால் சுவர் வேண்டும். இப்படிக் கிளம்பி வருகிறவர்களுக்குச் சுவரைக் கண்டால் கை பரபரக்கும். கும்மிடிப்பூண்டியில் சுவருக்கா பஞ்சம்? ஆனால் சிப்காட் சுவரெல்லாம் கம்பெனிக்காரர்களுடையது. மிச்சத்தில் கட்சிக்காரர்கள் அடுத்த தேர்தலுக்கு இப்போதே இடம் பிடித்து எழுதி வைத்திருக்கிறார்கள். கடைசியில் ஒரு தொடக்கப் பள்ளி அகப்பட்டது. பொங்கலுக்கே வெள்ளையடித்திருக்க வேண்டிய சுவரை, தலைமையாசிரியை இவர்களுக்காக அழுக்காகவே பாதுகாத்து வைத்திருந்தார்.

ஊர்ப் பெயிண்டர் தனியாக இறங்கினால் ஒன்றரை நாள் வேலை. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அவரையே அமர்த்தினோம். சுரண்டுவது எப்படி, பட்டி பார்ப்பது எப்படி, ஏணியில் எந்தப் பக்கம் ஏறுவது என்று பொறுமையாகக் காட்டினார். “எப்படிண்ணே போகுது?” என்றேன். “பரவால்ல சார், இன்னிக்குக் கொஞ்சம் சுவத்துலயும் படுது” என்றார். கூலி நான்கு நாளுக்கு.

சத்துணவு அக்காவுக்கு அதைவிட வேலை. காரமில்லாத சாம்பார் தனி, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் தனி. அப்படியும் ஒரு பையனுக்கு வயிறு படுத்தியது. தெருவே ஓமத்தண்ணீர், மோர், சுக்குக் கஷாயம் என்று மூன்று கட்சியாகப் பிரிந்தது. யார் மனசும் கோணக்கூடாதென்று மூன்றையும் குடித்தான். பண்பாட்டு அனுபவத்தில் அவனுக்குத்தான் முதல் மதிப்பெண்.

அடுத்து பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். கோட்டையில் மிச்சம் அதிகமில்லை. கல்லறைத் தோட்டத்து வாசலில் மட்டும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் வரவேற்கின்றன. “அவங்களும் சேவை செய்யத்தான் வந்தாங்களா?” என்றாள் ஒரு பெண். துணி வாங்க வந்தார்கள், 1825 வரை கிளம்பவில்லை என்றேன். விசா பற்றி அவள் கேட்காதது என் அதிர்ஷ்டம்.

திருவள்ளூரில் வீரராகவர் கோயில் குளத்தில் பிள்ளைகள் வெல்லம் கரைத்தார்கள். கரைத்தால் நோய் கரையும் என்பது நம்பிக்கை. தண்ணீர் இனிக்குமா என்று கேட்கச் சொன்னார்கள். “மீனத்தான் கேக்கணும்” என்று சொல்லிவிட்டு, வெல்லம் விற்ற ஆயா அடுத்த பொட்டலத்தைக் கட்டினார்.

திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டம்தான். ஆனால் ரயிலில் போவதானால் சென்னைக்குப் போய் வண்டி மாற வேண்டும். இந்த ஏற்பாட்டைப் பிள்ளைகளுக்கு விளக்க என்னால் ஆகவில்லை. சாயங்காலக் கும்மிடிப்பூண்டி வண்டி, கால் வைக்க இடமில்லை. “உள்ள போம்மா, பொன்னேரில கூட்டம் எறங்கும்” என்று வழிவிட்டார் ஒரு தம்பி. இரும்பு உருக்காலையில் வேலை, ஊர் ஒடிசா. நான் என் ஹிந்தியை எடுத்தேன். அவர் இரக்கப்பட்டுத் தமிழிலேயே பதில் சொன்னார்.

“இவங்க எந்தக் கம்பெனி சார்?”

கம்பெனி இல்லை, பள்ளிக்கூடத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள் என்றேன்.

“என்ன சம்பளம்?”

சம்பளமும் இல்லை, இவர்கள்தான் பணம் கட்டி வந்திருக்கிறார்கள் என்றேன். தம்பி அவர்களை மேலும் கீழும் பார்த்தார். என் காதருகே குனிந்தார்.

“கான்ட்ராக்டர் ஏமாத்திட்டான் சார். எனக்கும் மொத தடவ இப்படித்தான் ஆச்சு. நம்ம மில்லுல ஆள் எடுக்கறாங்க, ரூம் ஃப்ரீ. வரச் சொல்லுங்க, நான் சூப்பர்வைசர்கிட்ட பேசறேன்.”